பூதலிங்கம் மச்சானும் என் பாஸ்வேர்டும்

தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க போன் பூட்டத் திறந்தத நான் பாத்துட்டேன். நாலு மூலையையும் வரிசையாத் தொட்டீங்க. பாக்கணும்னு பாக்கல. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தா கண்ணு அங்கதான போவும். நான் முப்பத்தோரு வருசம் தபால்ல சார்ட்டிங் பாத்தவன். அடுத்தவங்க கவரு கை நெறைய இருக்கும், உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. அதனால என் கண்ணுல பட்டது உங்களுக்கு நல்லதுதான். இருந்தாலும் வீட்டுக்குப் போனதும் மாத்திருங்க.

என் பேரு ஆவுடையப்பன். சங்கரன்கோயில். கோவில்பட்டியில எம் மச்சான் வீட்டுக்குப் போயிட்டு வாரேன். மச்சான்னா, எங்க வீட்டம்மாவுக்கு அண்ணன். பூதலிங்கம்னு பேரு. சர்வேயரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்டுக் குடுத்துட்டு வாரேன். சாதாப் பூட்டு இல்ல. டிஸ்க் முழுசுக்கும் பூட்டு. என்க்ரிப்ஷன்னு சொல்லுதாங்கள்லா, அது. உள்ள இருக்கிற அத்தனையையும் அரிசி அரைக்கிற மாதிரி அரைச்சு மாவாக்கி வச்சிரும். திருடன் டிஸ்க்கக் கழட்டிக் கொண்டு போயி வேற மிஷின்ல மாட்டுனாலும் மாவுதான் தெரியும். நீங்க பாஸ்வேர்ட் போட்டாத்தான் மாவு மறுபடி அரிசியாவும். சின்ன விசயமா அது?

நானும் மச்சானும் பத்தொம்பது வருசம் பேசல. காரணத்தக் கேட்டா சிரிப்பீங்க. சிரிக்கக் கூடாது. பெரிய விசயம் அது.

எம் மக வடிவு கல்யாணம். தாலி கட்டி முடிச்சாச்சு. குடும்பத்தோட ஒரு போட்டோ. எல்லாரும் மேடையில நிக்கோம். மேடை ஓரத்துல குலையோட வாழைமரம் கட்டியிருக்கு. மச்சான் மட்டும் கீழ போட்டோகிராபர் பக்கத்துல நின்னுக்கிட்டு, நீ அங்க வா, நீ இங்க போன்னு ஒழுங்கு பண்ணுதாரு. சர்வேயர்லா. ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாக்காரு. பாத்துட்டு, "மாப்ள, இடது பக்கம் ரெண்டடி"ன்னாரு. நான் இடது பக்கம் ரெண்டடி நகந்தேன். எடுத்தாச்சு.

ஆல்பம் வந்துச்சு. எல்லாரும் இருக்காங்க. பந்தியில கரண்டி கேட்டு மேடைக்கு வந்தான் ஒருத்தன், சமையக்காரன், அவன் கூட முழுசா விழுந்திருக்கான். பொண்ணப் பெத்த அப்பன் வாழை இலைக்குப் பின்னால நிக்கேன். என் வேட்டிக் கரையும் ஒரு கையும்தான் தெரியுது. அது யாரு கைன்னு மருமகன் வீட்டுல கேட்டிருக்காங்க.

மச்சான்கிட்டக் கேட்டேன். "நான் சொன்னது எனக்கு இடது மாப்ள. கைய வேற காட்டுனேன்லா"ங்காரு. கை காட்டுனாருதான். அத நான் மறுக்கல. அவரு கை எந்தப் பக்கம் போச்சோ அதுக்கு எதிர்ப்பக்கம்தான் நான் போனேன். ஆனா ஒருத்தன் என்னப் பாத்து இடதுன்னு சொன்னா, அது யாரு இடது? நீங்க சொல்லுங்க. வேண்டாம், சொல்லாண்டாம். உங்களையும் ஒரு கட்சியில சேத்துரக் கூடாது.

அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சு. எங்க வீட்டம்மா, பிரம்மசக்தின்னு பேரு, அவ மட்டும் புறவாசல்ல நின்னு அண்ணன்கிட்ட போன்ல பேசுவா. நான் கேக்காத மாதிரி இருந்துக்கிடுவேன். அந்த அளவுக்கு நான் பெருந்தன்மையாத்தான் இருந்தேன்.

ரிட்டையர் ஆனதும் கம்ப்யூட்டர் வாங்கி, இந்த விசயத்த ஒழுங்கா எழுத ஆரம்பிச்சேன். தெனம் காலையில ஒரு பக்கம். மண்டபம் எந்தத் திசையப் பாத்து இருந்துச்சு, யாரு யாரு எங்க நின்னா, மச்சான் என்ன சட்ட போட்டிருந்தாரு, எல்லாம். படமும் போட்டிருக்கேன். இருநூத்திப் பன்னெண்டு பக்கம் வந்துச்சு. நாளைக்கு எனக்குப் பின்னால பேரப்பிள்ளைங்க, தாத்தா ஏன் போட்டோவுல இல்லன்னு கேட்டா, பதில் இருக்கணும்லா.

அப்பதான் ஆடித்தபசு வந்துச்சு. எங்க ஊர்ல பெரிய திருவிழா. மச்சான் வர மாட்டாரு. ஆனா அவரு மகன் பெங்களூர்ல இருந்து அத்தை வீட்டுக்கு வருவான். அவன் மேல எனக்கு வருத்தம் கிடையாது. என்ன, அவன் கம்ப்யூட்டர்லயே வேல பாக்கிறவன். நான் தபசு பாக்கப் போன நேரத்துல என் மிஷின நோண்டி, இருநூத்திப் பன்னெண்டு பக்கத்தையும் படிச்சு அப்பன்கிட்டப் போயிச் சொல்லிட்டான்னா? அவரு பதில் தயார் பண்ணிருவாரு. அதான் பூட்டுப் போட முடிவு பண்ணேன்.

யாரையும் கேக்கல. தமிழ்லயே ஒருத்தரு எழுதி வச்சிருந்தாரு, அதப் படிச்சு நானே போட்டேன். காலையில ஆரம்பிச்சேன். நூத்துல ஒண்ணுன்னு காட்டுச்சு. நடுவுல கரண்டு போனா எல்லாம் போச்சுன்னு எழுதியிருந்துச்சு. யூபிஎஸ் இருந்தாலும் எனக்குப் பயம். மிக்ஸி போடாதன்னேன். பிரம்மசக்தி தேங்காத் துவையல அம்மியில அரைச்சா. மோட்டார் போடாதன்னேன். பக்கத்து வீட்டுல குடத்துல தண்ணி வாங்கிட்டு வந்தா. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நூறு ஆச்சு. நான் எந்திரிச்சப்போ கால் மரத்துப் போயிருந்துச்சு.

முக்கியமானது பாஸ்வேர்டு. அந்தக் கட்டுரையில எழுதியிருந்தாரு, வார்த்தையா வைக்காதீங்க, ஒரு வாக்கியமா வையுங்க. பேரு, பொறந்த தேதி எல்லாம் கூடாது. உங்கள நல்லாத் தெரிஞ்சவங்க கூட, நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சுப் பாக்க முடியாத வாக்கியமா இருக்கணும். நான் யோசிச்சேன். ரொம்ப எல்லாம் யோசிக்கல, ஒரு நிமிசம். "நான்தான் தப்பான பக்கம் நகந்தேன் மச்சான்." இதான் வச்சேன். இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சேன். உலகத்துல எவனும் கண்டுபிடிக்க முடியாது. எங்க வீட்டம்மாவால முடியாது, மச்சானால முடியாது. அது உண்மையே இல்லைங்கதுதான் அதோட பலம். புரியுதா?

தெனம் காலையில காபி குடிச்சுட்டு அத அடிப்பேன். அடிச்சாத்தான் மிஷின் திறக்கும். திறந்ததும் மச்சான் செஞ்ச தப்ப ஒரு பக்கம் எழுதுவேன். ரெண்டு மாசம் இப்படி நல்லாப் போச்சு.

பாஸ்வேர்டு மறந்துட்டா திறக்கன்னு ஒரு நீள நம்பரு குடுத்துச்சு. வீட்டுல வைக்காதீங்கன்னு போட்டிருந்துச்சு. பேங்க் லாக்கர்ல வச்சேன். லாக்கர் என் பேர்ல மட்டும்தான். நான் போயி கையெழுத்துப் போட்டாத்தான் திறப்பாங்க. எவ்வளவு பாதுகாப்பு பாத்தீங்களா.

புரட்டாசியில வடிவு வீடு மாறுனா. பூனாவுல இருக்கா. ஒத்தாசைக்குன்னு பிரம்மசக்தி அங்க போயிட்டா. அவ போன நாலாம் நாள், மாடியில துணி காயப்போட்டுட்டு எறங்குதேன், படியில வழுக்கிருச்சு. ரெண்டு கையையும் ஊணி விழுந்தேன். ரெண்டு கையும் போச்சு. டாக்டரு விரல் நுனி வரைக்கும் சேத்து மாவுக்கட்டுப் போட்டுட்டாரு. ரெண்டு தோசைக் கரண்டி மாதிரி இருந்துச்சு.

பிரம்மசக்தி பூனாவுல இருந்து பதறுதா. டிக்கெட்டு கிடைக்க ஒரு வாரம் ஆவும். அவ என்ன செஞ்சா, என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அண்ணனுக்குப் போன் போட்டுட்டா. மறுநாள் காலையில மொத பஸ்ஸுல மச்சான் வந்து நிக்காரு. கையில ஒரு பை, ஒரு தூக்குவாளி. உள்ள வந்தாரு, சட்டையக் கழட்டி மாட்டுனாரு, அடுப்படிக்குள்ள போனாரு. இட்லிய எடுத்துக்கிட்டு வந்து எம் முன்னால உக்காந்தாரு.

"மாப்ள, வாயத் திறயும்."

பத்தொம்பது வருசத்துக்குப் பெறகு அவரு எங்கிட்டப் பேசுன மொத வார்த்த அதான். பசி. திறந்தேன். ஆனா பேசல. வாயத் திறந்தது வேற, பேசுனது வேற.

சட்னியில உப்பு கம்மி. அத எப்படிச் சொல்ல? பிரம்மசக்தி போன் போட்டிருந்தா, ஸ்பீக்கர்ல மேசை மேல இருக்கு. "ஏ, உங்க அண்ணன்கிட்டச் சொல்லு, சட்னியில உப்பு கம்மின்னு"ன்னேன். அவ பூனாவுல இருந்து, "அண்ணே, உப்பு கம்மியாம்"ங்கா. மச்சான் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, "நாளைக்குப் போடுதேன்னு சொல்லும்மா"ங்காரு. அவ என்கிட்ட, "நாளைக்குப் போடுதாராம்"ங்கா. மூணு நாளு இப்படியே. குளிக்க வெந்நி, தலை துவட்ட துண்டு, எல்லாம் பூனா வழியாத்தான் போயிட்டு வந்துச்சு. நாலாம் நாளு அவ, "ரெண்டு பேரும் ஒரே மேசையிலதான உக்காந்திருக்கீங்க, எனக்கு இங்க அடுப்புல வேல இருக்கு"ன்னு வச்சுட்டா. பொறுமை இல்லாதவ.

அன்னைக்கு சாயங்காலம் அவளே மறுபடி கூப்பிட்டா. மருமகனுக்கு வெளிநாட்டுல வேல. குடும்பத்தோட போறதுக்கு வடிவோட பிறப்புச் சான்றிதழ் வேணுமாம். மறுநாள் மதியத்துக்குள்ள அனுப்பணும், இல்லைன்னா வடிவும் பிள்ளைகளும் இங்கயே நிக்கணும், அவரு மட்டும் போவணும். அசல் எங்க இருக்கு? லாக்கர்ல. நகல் எங்க இருக்கு? என் கம்ப்யூட்டர்ல. லாக்கருக்குக் கையெழுத்துப் போடணும். கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு அடிக்கணும். எனக்கு ரெண்டு தோசைக் கரண்டி.

"அண்ணன்கிட்டச் சொல்லுங்க, அவரு அடிப்பாரு"ங்கா பிரம்மசக்தி. நான் சொன்னேன், "எனக்குத் தெரியும், நான் பாத்துக்கிடுதேன்"னு.

மறுநாள் காலையில மச்சான் பால் வாங்கப் போன நேரம் பாத்து ரூம்புக்குள்ள போயி, பென்சில வாயில கவ்விக்கிட்டு அடிச்சேன். அதுல அடிக்கது வெறும் புள்ளி புள்ளியாத்தான் தெரியும், என்ன எழுத்து விழுதுன்னு தெரியாது. ஒண்ணு அடிச்சா ரெண்டு விழுது. மூணு தடவ தப்புன்னு சொல்லிருச்சு. நிமிந்து பாத்தா, மச்சான் பால் தூக்கோட வாசப்படியில நிக்காரு. எவ்வளவு நேரமா நிக்காரோ. வாயில பென்சிலோட நான் ஒண்ணும் பேச முடியல.

அவரு வந்து பென்சில எடுத்துத் தொடச்சு மேசையில வச்சாரு. நாற்காலிய இழுத்துப் போட்டாரு.

"நீரு சொல்லும். நான் அடிக்கேன்."

பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிடலாம். அவருகிட்டச் சொன்னா மதியத்துக்குள்ள மேல ரத வீதி முழுக்கத் தெரிஞ்சிரும். மணி பத்தாச்சு. அப்பதான் எனக்கு ஒரு யோசன வந்துச்சு. வாக்கியமாச் சொன்னாத்தான புரியும்? ஒவ்வொரு எழுத்தாச் சொன்னா?

"எழுத்து எழுத்தாச் சொல்லுவேன். அடிச்சா போதும்"னேன். பத்தொம்பது வருசத்துக்குப் பெறகு நேராச் சொன்னது அதான். அது பேச்சில்ல, உத்தரவு.

"இரும், எழுதிக்கிடுதேன். அப்புறம் தப்பாப் போச்சுன்னா என்னத்தான் சொல்லுவீரு"ன்னு காலண்டர் தாள் ஒண்ணக் கிழிச்சு, பின்பக்கம் திருப்பி வச்சுக்கிட்டாரு.

"என். ஏ. ஏ. என்."

"என். ஏ. ஏ. என்."

"டி. ஹெச். ஏ. ஏ. என்."

எழுதிக்கிட்டே வாராரு. சர்வேயர் கையெழுத்து, ஒவ்வொண்ணும் கட்டம் போட்ட மாதிரி. நான் செவத்தப் பாத்துக்கிட்டே கடைசி என் வரைக்கும் சொல்லி முடிச்சுட்டேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கலன்னுதான் நெனச்சேன். கண்ணாடிய எடுத்துப் போட்டாரு. வாய்க்குள்ள எழுத்துக்கூட்டுதாரு.

"நான்... தான்... தப்பான... பக்கம்..."

அதோட நிறுத்திட்டாரு. மீதிய வாயத் திறந்து படிக்கல. கண்ணு மட்டும் கடைசி வரைக்கும் போச்சு.

"அது பாஸ்வேர்டு மச்சான். அதுக்கெல்லாம் அர்த்தம் கிடையாது"ன்னேன்.

"ஆமா ஆமா"ன்னாரு. ஒத்த விரலால ஒவ்வொரு எழுத்தா அடிச்சாரு. திறந்துச்சு.

"இது தெனம் அடிக்கணுமா?"

"அடிச்சாத்தான் திறக்கும்."

"எப்பருந்து?"

"ஆடித்தபசுக்கு முந்துன வாரத்துல இருந்து."

கண்ணாடியக் கழட்டித் துண்டால கண்ணத் தொடச்சாரு. ரொம்ப நேரம் தொடச்சாரு. கம்ப்யூட்டர் வெளிச்சம் வயசானவங்க கண்ணுக்கு ஆவாது. நல்ல டாக்டராப் பாருங்கன்னு சொன்னேன். தலைய ஆட்டுனாரு.

சான்றிதழ் கிடைச்சுது. பதினோரு மணிக்கெல்லாம் அனுப்பியாச்சு. வடிவு போன்ல அழுதா, சந்தோசத்துல. அதோட மிஷின அணைச்சிருக்கலாம். ஆனா மச்சான் கண்ணுல பட்டுருச்சு. நான்தான் முகப்புலயே வச்சிருந்தேனே, "வாழைமர விவகாரம்"னு. "இது என்னது மாப்ள"ன்னாரு. "என் சொந்த விசயம்"னேன். "ரெண்டு கையும் இப்படி இருக்கே, எழுத வேண்டியது நின்னு போயிருக்குமே"ன்னாரு. நின்னுதான் போயிருந்துச்சு. ஆறு நாளா எழுதல. மனசுக்குள்ள பத்துப் பக்கம் சேந்து கெடக்கு.

"நீரு சொல்லும்"னாரு.

நான் சொன்னேன். ஏன் சொல்லக் கூடாது? எழுதுதவரு எழுதப்போறாரு. "இருநூத்தி எழுபத்திமூணாம் பக்கம். பூதலிங்கம் அன்று நடந்துகொண்ட விதம் குறித்து மேலும் சில குறிப்புகள்." அடிச்சாரு. "அவருக்கு இயல்பாகவே பிறரை நகர்த்தும் குணம் உண்டு." அடிச்சாரு. அடிச்சுட்டு, "குணம்னு போடவா, பழக்கம்னு போடவா"ங்காரு. "குணம்"னேன். அவ்வளவு நேர்மையா வேற யாரும் அடிக்க மாட்டாங்க. அத நான் ஒத்துக்கிடணும்.

மறுநாளும் காலையில காபிய எனக்குப் புகட்டிட்டு, அந்தக் காலண்டர் தாளப் பாத்து பாஸ்வேர்டு அடிப்பாரு. அப்புறம் அவரு தப்பு ஒரு பக்கம். இடையில பிரம்மசக்தி பூனாவுல இருந்து வந்துட்டா. வந்த அன்னைக்கு ரூம்பு வாசல்ல நின்னு பாத்தா. நான் சொல்லுதேன், அவங்க அண்ணன் அடிக்காரு. உள்ள போயி பருப்பு வேகப் போட்டா. அவரும் ஊருக்குப் போறேன்னு சொல்லல, யாரும் போங்கன்னு சொல்லல.

ஒரு நாளு படம் வந்துச்சு. நான் போட்ட மேடைப் படம். அதப் பாத்ததும் மச்சானுக்குப் பொறுக்கல. "அளவே தப்பா இருக்கே மாப்ள, வாழமரம் இவ்வளவு தள்ளியா இருந்துச்சு"ன்னாரு. ஆல்பத்தக் கொண்டு வரச் சொன்னாரு. ஸ்கேல எடுத்து, போட்டோவுல இருந்த ஆளுக உயரத்த வச்சுக் கணக்குப் போட்டு, பெரிய தாள்ல புதுசா ஒரு படம் போட்டாரு. ரெண்டு நாளு போட்டாரு. சமையக்காரன் உட்பட எல்லாரையும் புள்ளி வச்சுட்டாரு. மூணாம் நாளு காலையில எங்கிட்ட வந்து உக்காந்தாரு.

"மாப்ள, நீரு எந்தப் பக்கமும் நகந்திருக்க வேண்டாம். நின்ன எடத்துல நின்னிருந்தா முழுசா விழுந்திருப்பீரு. நான்தான் சும்மா கெடந்த ஆள நகரச் சொல்லியிருக்கேன்."

"எழுதுங்க"ன்னேன்.

எழுதுனாரு. "தேவையில்லாமல் நகரச் சொன்னது பூதலிங்கம்." அடியில தேதியும் போட்டாரு.

நான் ஜெயிச்சுட்டேன் தம்பி. பத்தொம்பது வருசம். அன்னைக்கு மச்சான் ஊட்டுன இட்லி மட்டும் உள்ள எறங்கல. மாவு புளிச்சிருந்திருக்கும். ரெண்டோட போதும்னுட்டேன்.

அதோட எழுத ஒண்ணும் இல்லாம போச்சு. மறுநாள் காலையில மிஷினத் திறந்தாரு, ரெண்டு பேரும் அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம். "வேற எதாவது இருக்கா மாப்ள"ன்னாரு. நானும் யோசிச்சுப் பாத்தேன். வடிவு சடங்குக்கு அவரு லேட்டா வந்தது ஒண்ணு இருந்துச்சு. அது அரைப் பக்கம்தான் தேறுச்சு.

கட்டுப் பிரிச்சதும் அவரு ஊருக்குப் போயிட்டாரு. பத்து நாளு கழிச்சுப் போன். "மாப்ள, என் கம்ப்யூட்டருக்கும் அந்தப் பூட்டப் போட்டுக் குடும்"னாரு. அவரு கம்ப்யூட்டர்ல என்ன இருக்கு? பேரப்பிள்ளை போட்டோவும், பழைய நெல வரைபடமும். திருடன் வந்தா பாவம் அழுதுட்டுப் போவான். ஆனாலும் கேட்டுட்டாரு, போனேன்.

எல்லாம் தயார் பண்ணிட்டு, "மச்சான், இப்ப ஒரு வாக்கியம் அடிக்கணும். யாருகிட்டயும் சொல்லக் கூடாது, எங்கிட்டயும்தான்"னு சொல்லிட்டு எந்திரிச்சு சன்னலப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. அவரு ஒத்த விரலால அடிக்கது கேக்குது. டக். டக். நடுவுல நின்னுருச்சு.

"மாப்ள."

"சொல்லுங்க."

"மன்னிப்புன்னு அடிக்க எத்தன என் போடணும்?"

நான் திரும்பல. சன்னல் வழியாத் தெருவுல ஒரு தண்ணி லாரி போச்சு, அது போயி முடியட்டும்னு நின்னேன். "ரெண்டு போடுங்க மச்சான்"னேன். டக், டக்னு ரெண்டு கேட்டுச்சு. அப்புறம் வேகமா அடிச்சு முடிச்சுட்டாரு.

நீங்க சிரிக்கீங்க. அந்த ஒரு வார்த்தைய வச்சு என்னத்தக் கண்டுபிடிக்க முடியும் தம்பி? "மாப்ளைக்கு மன்னிப்பே கிடையாது"ன்னு கூட அடிச்சிருக்கலாம்லா.